மாசமா இருக்கும்போது மனநல மாத்திரை: வந்த கேள்வியும் என் பதிலும்

மனநல மாத்திரை போடுற பொண்ணுக்கு நாள் தள்ளிப் போச்சுன்னா நம்ம பக்கத்துல மொதல்ல நடக்கது என்னன்னா, மாத்திரை அட்டை குப்பைக்குப் போகும். டாக்டர்ட்ட கேக்கதெல்லாம் அதுக்குப் பெறவுதான், சில வீட்டுல கேக்கதே இல்ல. இது பத்தி வந்த கேள்விகள்ல சிலத எடுத்து எழுதியிருக்கேன். ஊர் பேர் மட்டும்தான் இருக்கு, ஆள் அடையாளம் தெரியுற விஷயத்தையெல்லாம் மாத்திட்டேன். இதப் படிச்சிட்டு யாரும் தானா டோஸ கூட்டவோ கொறைக்கவோ வேண்டாம், உங்க சீட்டப் பாக்காம இங்கன இருந்து நான் டோஸ் சொல்ல முடியாது.

சுரண்டை: எனக்கு 8 வாரம் டாக்டர். ரெண்டு வருஷமா படபடப்பு, பயம், அழுகைக்கு எஸ்சிட்டலோப்ராம் 10 போட்டுட்டு நல்லாத்தான் இருந்தேன். டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்த அன்னைக்கே பிள்ளை ஊனமாயிரும்னு அத்தை நிறுத்தச் சொல்லிட்டாங்க. இப்ப தலைக்குள்ள கரண்ட் அடிக்க மாதிரி இருக்கு, தூக்கம் சுத்தமா இல்ல. பிள்ளைக்கு ஏற்கனவே ஏதாவது ஆயிருக்குமா?

அதுக்கு வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மிம்மா. ஒரு மாத்திரையும் போடாத, ஒரு நோயும் இல்லாத அம்மாமாருக்கே நூறு பிரசவத்துல சுமார் 3 பிள்ளைக்கு ஏதோ ஒரு பிறவிக்குறை இருக்கத்தான் செய்யுது. எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மாத்திரையால அந்தக் கணக்கு பெருசா மாறல. இந்த வகையில முக்கியமா பராக்ஸிடின்னு ஒண்ணுக்கு இருதயக் குறை கொஞ்சம் கூடுமோன்னு சந்தேகம் உண்டு, அதனால பிள்ளை பெக்குற வயசுல உள்ளவங்களுக்கு அத புதுசா ஆரம்பிக்க மாட்டோம்.

தலைக்குள்ள கரண்ட் அடிக்கது மாத்திரைய பட்டுன்னு நிறுத்தினதால வர்றது, அது அடங்கிரும். எனக்கு பயம் அதுக்கு அடுத்து வர்றதுதான். 2006-ல அமெரிக்காவுல ஒரு ஆய்வு வந்துச்சு, மனச்சோர்வு திரும்பத் திரும்ப வந்து மாத்திரையால நல்லா இருந்த கர்ப்பிணிகளப் பாத்தாங்க, மாத்திரைய நிறுத்தினவங்கள்ல 68 சதவீதம் பேருக்கு பிரசவத்துக்குள்ள நோய் திரும்பிருச்சு, விடாம போட்டவங்கள்ல 26 சதவீதம். நோய் திரும்பினா சோறு எறங்காது, தூக்கம் போயிரும், இரும்புச்சத்து மாத்திரை அப்படியே கெடக்கும், செக்கப்புக்குப் போக ஆள் எந்திரிக்க மாட்டா, குறைமாசப் பிரசவம், எடை கம்மியான பிள்ளைன்னு அதோட பலன் வயித்துல உள்ளதுக்கும் போகும். மாத்திரையால வர்ற ஆபத்த ஊரே கணக்கு போடுது, நோயால பிள்ளைக்கு வர்ற ஆபத்த ஒருத்தரும் கணக்குல சேக்கதில்ல, என் சண்டையே அங்கனதான்.

அதுக்காக மாத்திரையில ஒண்ணுமே இல்லைன்னு நான் சொல்லல. கடைசி மூணு மாசமும் போட்டா பிறக்குற பிள்ளைகள்ல பத்துல மூணுக்கு கொஞ்சம் நடுக்கம், சும்மா சும்மா அழுகை, பால் குடிக்க சொணக்கம் இதெல்லாம் இருக்கலாம், பெரும்பாலும் சில நாள்லயே சரியாயிரும், மிஞ்சிப்போனா ரெண்டு வாரம். நுரையீரல் ரத்தக்குழாய்ல அழுத்தம் கூடுத பிரச்சனை ஒண்ணு உண்டு, வழக்கமா ஆயிரத்துக்கு 2 பிள்ளைக்கு வர்றது 3 ஆகலாம். அதனால பிரசவம் பாக்குற டாக்டருக்கும் குழந்தை டாக்டருக்கும் இந்த மாத்திரை போடுறது முன்னாலயே தெரிஞ்சிருக்கணும்.

எழுதிக் கொடுத்த டாக்டருக்கு இன்னைக்கே போன் போடுங்க, பெரும்பாலும் திரும்ப ஆரம்பிக்கத்தான் சொல்லுவாங்க. போகும்போது அத்தையையும் கூட்டிட்டுப் போங்க, அவங்க ஒண்ணும் கெட்ட எண்ணத்துல சொல்லல, யாரும் அவங்களுக்கு எடுத்துச் சொல்லல, அவ்வளவுதான்.

துபாய், சொந்த ஊர் ஆலங்குளம் பக்கம்: மேடம், வீட்டுல அவளுக்கு பைபோலார், மனசு ஒரேயடியா ஏறுறதும் எறங்குறதுமா வர்ற நோய். டைவால்ப்ரோயெக்ஸ் 1000 போடுதா, ஒரு வருஷமா ஒரு தொந்தரவும் இல்ல. அடுத்த மாசம் லீவுல வாரேன், பிள்ளைக்கு பிளான் பண்ணலாம்னு இருக்கோம். மாத்திரை பிரச்சனை ஆகுமா?

ஆகும் தம்பி. இந்த லீவுல வேண்டாம். மேல சொன்ன பொண்ணுக்கு நிறுத்தாதேன்னு சொன்ன அதே ஆள்தான் இங்க இப்படிச் சொல்லுதேன், ஏன்னா எல்லா மாத்திரையும் ஒண்ணு கெடையாது.

வால்ப்ரோயேட் சேந்த எல்லா மாத்திரையும் கர்ப்பத்துக்கு ஆகாது, உங்க வீட்டுல போடுறது அந்த வகைதான். நூறுல 3-ன்னு சொன்னேன்ல, இதுல அது 10 கிட்ட வரும். முதுகுத்தண்டு மூடாம பிறக்கது, அண்ணம் பிளந்து பிறக்கது, இருதயக் குறை எல்லாம் அதுல சேரும். அதவிடக் கொடுமை, பிறந்து ஆள் நல்லா இருக்குற பிள்ளைகள்லயும் நூத்துக்கு 30-லருந்து 40 பேருக்கு பேச்சு, நடை, படிப்புல பிந்துறது வருது, ஆட்டிசமும் கூடுது, இது எந்த ஸ்கேன்லயும் தெரியாது. முதுகுத்தண்டு மூடுறது கரு தங்கி 28 நாளைக்குள்ள முடிஞ்சிரும், அதாவது நாள் தள்ளிப் போச்சேன்னு நீங்க டெஸ்ட் எடுத்து சந்தோஷப்படும்போது அந்த வேலை பெரும்பாலும் முடிஞ்சு போயிருக்கும். அதனாலதான் கன்சீவ் ஆன பெறவு மாத்தலாம்ங்கது இந்த மாத்திரைக்கு செல்லாது. ஃபோலிக் ஆசிட் 5 மில்லிகிராம் போட்டாலும் இந்த ஆபத்து போயிராது. பிரிட்டன்ல 2018-லருந்து கருத்தடைக்கு உறுதியான ஏற்பாடு இல்லாம பிள்ளை பெக்குற வயசுல உள்ளவங்களுக்கு இத கொடுக்கதுக்கே கட்டுப்பாடு போட்டிருக்காங்க. நம்ம ஊர்ல 20 வயசுப் பொண்ணுக்கு முதல் சீட்டுலயே வால்ப்ரோயேட் எழுதுறது இன்னும் நிக்கல, இதச் சொன்னா என் தொழில்காரங்களுக்கே கோவம் வரும், வரட்டும்.

என்ன செய்யலாம்னா, லீவுல வந்ததும் ரெண்டு பேருமா அவங்க டாக்டர்ட்ட உக்காந்து பேசுங்க. குயட்டியாபின், லாமோட்ரிஜின், லித்தியம்னு வேற வழி இருக்கு, எது சரிப்படும்னு அவங்களுக்கு முன்னால வந்த நோயப் பாத்துத்தான் சொல்ல முடியும். வால்ப்ரோயேட்ட பையப் பைய கொறச்சு, புது மாத்திரையில சில மாசம் நெலையா இருக்காளான்னு பாத்துட்டு அப்புறம் பிள்ளைக்கு பிளான் பண்ணுங்க, அதுவரைக்கும் கருத்தடை கட்டாயம். ஒருவேளை ஏற்கனவே நாள் தள்ளியிருந்தா போன்ல என்னைக் கேட்டுட்டு இருக்காம அன்னைக்கே டாக்டரப் பாருங்க, அப்பவும் தானா நிறுத்த வேண்டாம், பட்டுன்னு விட்டா நோய் தலைகீழா திரும்பிரும்.

இன்னொண்ணு, பொண்டாட்டிக்கு பைபோலார்னு நீங்க தெரிஞ்சு எழுதுறீங்களே, அதுவே பெரிய விஷயம். கல்யாணத்தப்ப சொல்லாம மறச்சிட்டு, மாத்திரைய அட்டையிலருந்து உதுத்து கால்சியம் டப்பாக்குள்ள போட்டு வச்சு, மாமியா தூங்குன பெறவு அடுப்படியில நின்னு முழுங்குற பொண்ணுங்க எத்தனையோ பேர் என்கிட்ட வாராங்க. டப்பாவுல இருக்கது எந்த மாத்திரை, எத்தனை மில்லின்னு அவங்களுக்கே பல நேரம் தெரியாது. அவங்களுக்கு நான் எங்கயிருந்து பிளான் போட.

களக்காடு: 30 வாரம். லித்தியம் போடுதேன். வளைகாப்பு முடிஞ்சு அம்மா வீட்டுக்கு வந்துட்டேன், என் டாக்டர் மதுரையில இருக்காரு. இங்க என்ன பாக்கணும்?

ரத்தத்துல லித்தியம் லெவல். மாசமா இருக்கும்போது கிட்னி வேகமா வேலை செய்யும், லித்தியத்த வெளிய தள்ளிக்கிட்டே இருக்கும், அதே டோஸ் போட்டாலும் லெவல் எறங்கிரும். மாசத்துக்கு ஒருக்கா பாருங்க, 36 வாரத்துக்கு மேல வாரத்துக்கு ஒருக்கா. இருதயக் குறைய நெனச்சுப் பயந்திருப்பீங்க, அந்தக் காலத்துல சொன்ன அளவுக்கு அது இல்லைன்னு 2017-ல வந்த பெரிய ஆய்வுல தெரிஞ்சுது, லித்தியம் போடாதவங்களுக்கு நூத்துக்கு 1.15, போட்டவங்களுக்கு 2.41, நாளைக்கு 900 மில்லிகிராம் தாண்டினா இன்னும் கூடும். இருதயத்துக்குன்னு தனி ஸ்கேன் இன்னும் எடுக்கலைன்னா டாக்டர்ட்ட கேட்டு எடுத்துருங்க.

எனக்குப் பெரிய கவலை பிரசவத்துக்குப் பிந்தின பத்தியந்தான். பிள்ளை பெத்த உடம்பு, வயிறு போட்டுரும்னு தண்ணிய அளந்து கொடுக்கது, உப்பக் கொறைக்கது நம்ம வீடுகள்ல இன்னும் உண்டு. லித்தியம் போடுற பொண்ணுக்கு அது நேரா விஷம். தண்ணியும் உப்பும் கொறஞ்சா லித்தியம் உடம்புக்குள்ளயே தங்கிரும், அதோட பிரசவம் ஆனதும் கிட்னி பழைய வேகத்துக்கு வந்துரும், மாசமா இருக்கும்போது கூட்டின டோஸ் இப்ப அதிகப்படி. வலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் கொடுத்தா லெவல் இன்னும் ஏறும், பாராசிட்டமால் போதும்னு முன்னாலயே சொல்லி வைங்க. கை நடுக்கம் கூடுறது, வாய் குழறுறது, நடை தள்ளாடுறது, வயித்தால போறது, இதுல எது வந்தாலும் மாத்திரைய நிறுத்திட்டு உடனே ஆஸ்பத்திரி. வலி எடுத்தா அடுத்த டோஸ் போடணுமா வேண்டாமா, பிரசவம் ஆனதும் எந்த டோஸ், தாய்ப்பால் உண்டா, இத மூணையும் மதுரை டாக்டர்ட்ட இப்பவே எழுதி வாங்கி பிரசவ ஃபைலுக்குள்ள வச்சிருங்க. லித்தியம் பால்ல நல்லாவே வரும், அதனால பெரும்பாலும் பால் கொடுக்க வேண்டாம்னுதான் சொல்லுவோம். லெவல் பாக்குற வசதி, பச்சப்பிள்ளைய வச்சுப் பாக்குற வார்டு ரெண்டும் இருக்குற எடத்துல பிரசவம் வச்சுக்கோங்க, பாளையங்கோட்டை ஹைகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரி மாதிரி.

முக்கூடல்: தூக்கத்துக்கு மெடிக்கல்ல குளோனசிபாம் 0.5 வாங்கி மூணு வருஷமா போடுதேன். இப்ப ரெண்டு மாசம்.

சீட்டு இல்லாம கொடுத்த அந்த மெடிக்கல்காரர மொதல்ல திட்டணும். உதடு பிளந்து பிறக்கும்னு ஒரு காலத்துல பயந்தாங்க, பின்னால வந்த ஆய்வுகள்ல அது உறுதியாகல. ஆனா கடைசி மாசம் வரைக்கும் போட்டா பிள்ளை தொவண்டு பிறக்கலாம், மூச்சு மந்தமா இருக்கலாம். நாளைக்கே நிறுத்தவும் கூடாது, மூணு வருஷம் போட்டத திடீர்னு விட்டா வலிப்பே வரலாம். டாக்டர் சொல்லி வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா கொறைங்க. தூங்காதது எதனாலன்னு அதோட சேத்துப் பாக்கச் சொல்லுங்க.

வள்ளியூர்: மருமகளுக்கு ஓலன்சபின் போகுது, 14 வாரம். சுகர் வரும்னு சொல்லுதாங்களே?

வர வாய்ப்பு கூடத்தான், எடையும் ஏறும். 24 வாரம் வரைக்கும் காத்திருக்காம இப்பவே ஒரு சுகர் டெஸ்ட், பெறவு வழக்கமா எடுக்குற நேரத்துல இன்னொண்ணு. மாத்திரைய நிறுத்தாதீங்க. மருமகளுக்காக நீங்க கேட்டு எழுதினது எனக்கு ரொம்ப சந்தோஷம்.

அம்பாசமுத்திரம்: டாக்டரம்மா, மகளுக்கு பிள்ளை பிறந்து ஆறு நாள். நாலு நாளா கண்ணே மூடல, வாய் ஓயாம பேசுதா, இது என் பிள்ளை இல்ல, மாத்திட்டாங்கன்னு சொல்லுதா, பிள்ளைய ஒரு மாதிரி பாக்குதா. காத்து கருப்பு பட்டிருக்கும், பதினாறு கழியட்டும், மந்திரிக்கலாம்னு சொல்லுதாங்க.

இந்தக் கேள்விக்கு மட்டும் அன்னைக்கே போன்ல பதில் சொல்லியாச்சு, அந்தப் பொண்ணு இப்ப வார்டுல இருக்கா. மத்தவங்களுக்காக எழுதுதேன்.

இது பிரசவத்துக்குப் பின்னால வர்ற மனப்பிறழ்வு. ஆயிரம் பிரசவத்துல ஒண்ணு ரெண்டு பேருக்கு வரும், பெரும்பாலும் முதல் ரெண்டு வாரத்துக்குள்ள. பைபோலார் உள்ளவங்கள்ல அஞ்சுல ஒருத்தருக்கு வரும், அதனாலதான் அவங்களுக்கு பிரசவ நாளுக்கு முன்னாலயே மாத்திரை பிளான் போட்டு வைக்கது. நேத்து சிரிச்சுப் பேசினவ இன்னைக்கு பிள்ளைய கெணத்துல போட எந்திரிப்பா, அவ்வளவு வேகமா மாறும். பதினாறும் பாக்காதீங்க, தீட்டும் பாக்காதீங்க, ராத்திரி ரெண்டு மணின்னாலும் வண்டியப் பிடிச்சு கூட்டிட்டு வந்துருங்க, 108-க்கு கூப்பிட்டாலும் சரி. அதுவரைக்கும் அவளையும் பிள்ளையையும் தனியா ஒரு ரூம்ல விடாதீங்க, திட்டாதீங்க, உன் பிள்ளைதான்னு வாதாடிக்கிட்டும் இருக்காதீங்க. சாமிக்கு நேந்துக்கோங்க, உவரிக்குப் போங்க, நான் தடுக்கல, ஆனா ஆஸ்பத்திரி முதல்ல. நல்லா ஆகுற நோய் இது, வாரக்கணக்குல தெளிவாயிடுவாங்க. எங்க போகன்னு தெரியலைன்னா 14416-க்கு அடிங்க, டெலிமானஸ்னு அரசோட மனநல உதவி எண், தமிழ்லயே பேசுவாங்க.

பிள்ளையப் பிரிச்சுருவாங்கன்னு பயந்தே சில வீட்டுல மறைக்காங்க. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்துலயே இருக்கு, சிகிச்சையில இருக்குற அம்மாகிட்டருந்து மூணு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளைய சாதாரணமா பிரிக்கக் கூடாது. பிள்ளைக்கு ஆபத்துன்னா மட்டும் கொஞ்ச நாள் பிரிச்சு வைப்பாங்க. பெங்களூர் நிம்ஹான்ஸ்ல அம்மாவையும் பிள்ளையையும் சேத்து வச்சுப் பாக்குற வார்டு 2009-லருந்து இருக்கு. இப்படி ஒண்ணு ஒவ்வொரு மாவட்டத்துலயும் வரணும்.

மேலப்பாளையம்: செர்ட்ராலின் போட்டுட்டு பால் கொடுக்கலாமா?

தாராளமா. பால்ல ரொம்பக் கொஞ்சந்தான் வரும். பிள்ளை எடை ஏறுதா, நல்லா முழிச்சுக் குடிக்கான்னு மட்டும் பாத்துக்கோங்க, நேரம் பாத்து பாலப் பீச்சிக் கொட்ட வேண்டாம்.

பாளை: பைபோலார் எனக்கில்ல, அவுகளுக்கு. அவுக வால்ப்ரோயேட் போடுதாக. அப்பா போட்டாலும் பிள்ளையப் பாதிக்குமா? நோய் பிள்ளைக்கும் வருமா?

நோய் வர வாய்ப்பு நூத்துக்கு சுமார் 10, மத்தவங்களுக்கு 1, 2. பத்துல ஒம்பது பிள்ளைக்கு வராதுன்னும் வச்சுக்கலாம்.

மாத்திரை விஷயத்துல, அம்மா போடுற அளவுக்கு அப்பா போட்டா பயம் இல்ல. ஆனா கரு தங்குறதுக்கு முந்தின மூணு மாசத்துல அப்பா வால்ப்ரோயேட் போட்டிருந்தா பிள்ளையோட வளர்ச்சியில பிரச்சனை கொஞ்சம் கூடலாம்னு சந்தேகம் வந்து, 2024 ஜனவரியில ஐரோப்பிய மருந்து அமைப்பு எச்சரிக்கை கொடுத்திருக்கு. நூத்துக்கு 5, 6 பிள்ளை, வேற வலிப்பு மாத்திரை போட்ட அப்பாமாருக்கு 3 கிட்ட. உறுதியான முடிவுன்னு அவங்களே சொல்லல. பிள்ளைக்கு பிளான் பண்ணுதீங்கன்னா அவுகளோட டாக்டர்ட்ட மாத்திரை மாத்துறதப் பத்திக் கேளுங்க, மாத்தினா கடைசி வால்ப்ரோயேட்டுக்குப் பெறவு மூணு மாசமாவது போகட்டும்.