முயலைக் கிணற்றடியில் குளிப்பாட்டலாமா?

கிளிநொச்சி வெயிலில் முயல் சோர்ந்து கிடக்கிறது, மேலெல்லாம் செம்மண் புழுதி, வாரம் ஒருமுறை கிணற்றடியில் குளிப்பாட்டலாமா, எந்தச் சவர்க்காரம் நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள்.

எந்தச் சவர்க்காரமும் வேண்டாம். கிணற்றடிக்கே கொண்டுபோக வேண்டாம். மாட்டைக் குளத்தில் இறக்கிக் குளிப்பாட்டிப் பழகியவர்கள் நாங்கள். முயலுக்கு அந்தக் கணக்குப் பொருந்தாது. தண்ணீருக்குள் வைத்தால் மிரண்டு உதைக்கும். பின்னங்கால்களின் பலம் அதன் முதுகெலும்பையே முறித்துவிடக் கூடியது. பயத்தின் அதிர்ச்சியிலேயே செத்துப்போவதும் உண்டு. அடிமயிர் அடர்த்தியானது, இலேசில் காயாது. ஈரம் தங்கினால் தோல் புண்ணாகும். மல்லாத்திப் பிடித்தால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் சொல்வார்கள். அது சுகமல்ல, பயத்தில் விறைத்துப்போன நிலை.

புழுதியை அது தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். மென்மையான பிரஷால் வாரிவிட்டால் போதும்.

அழுக்கு பின்புறத்தில் இருந்தால்தான் கவனிக்க வேண்டும். மடியில் துவாயை விரித்து, முயலை நான்கு காலும் ஊன்றி இருக்க வைத்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்த துணியை ஒட்டிய இடத்தில் சற்று நேரம் வைத்திருங்கள். ஊறியதும் விரலால் மயிரைப் பிரித்துப் பிரித்து எடுங்கள். இழுக்காதீர்கள், தோல் மெல்லியது, கிழிந்துவிடும். பிறகு துவாயால் ஒற்றி, அடிவரை காயவிடுங்கள். ஈரம் படாமல் எடுக்க வேண்டுமானால் சோளமாவைத் தூவி நுண்சீப்பால் வாரலாம். முகத்துக்குப் போடும் பவுடர் கூடாது, தூள் மூச்சுக்குள் போகும்.

பின்புறம் அடிக்கடி அழுக்கானால் தீனியைப் பாருங்கள். முயல் தன் மென்மையான புழுக்கையைத் தானே தின்னும். தின்னாமல் விட்டால்தான் மயிரில் அப்பிக்கொள்கிறது. பாண், பிஸ்கட், சோறு கொடுக்கும் வீடுகளில் இது சகஜம். அவற்றை நிறுத்தி அறுகம்புல், கினிப்புல், காய்ந்த புல் என்று நாள் முழுக்கக் கிடைக்கச் செய்யுங்கள். கொழுத்த முயலுக்கும் மூட்டுவலி வந்த முயலுக்கும் குனிந்து எட்டாது; அவற்றுக்கு நீங்கள்தான் துடைத்துவிட வேண்டும்.

வெயிலுக்கும் குளிப்பு மருந்தல்ல. 30 பாகையைத் தாண்டினாலே முயல் தவிக்கும். கூட்டை மரநிழலுக்கு மாற்றுங்கள், காதுகளை ஈரத்துணியால் தடவுங்கள், தண்ணீர்ப் போத்தலை உறையவைத்துத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள்.

அழுக்கு மயிரில் இலையான் முட்டையிட்டால் ஒரு நாளுக்குள் புழு வந்து தசையைத் தின்னத் தொடங்கிவிடும். காலை மாலை வாலடியைப் பாருங்கள். புழுவைக் கண்டால் அன்றே மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். நாய்க்கு வாங்கிய உண்ணி மருந்தை மட்டும் பூசிவிடாதீர்கள், அவற்றில் சில முயலைக் கொன்றுவிடும்.