இடுப்புவலிப் பயிற்சி: நேரிலா, காணொளியிலா?

கேள்வி: எனக்கு வயது 46. நாள் முழுவதும் தையல் இயந்திரத்தின் முன் அமர்ந்திருப்பவள். எட்டு மாதமாகக் கீழ்முதுகில் வலி. அறுவைச் சிகிச்சை வேண்டாம், ‘கோர்’ எனப்படும் உடலின் நடுப்பகுதித் தசைகளுக்கான பயிற்சி போதும் என்கிறார் மருத்துவர். இயன்முறை மருத்துவர் திருநெல்வேலியில் இருக்கிறார். வாரம் இருமுறை, போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம் பேருந்தில் குலுங்க வேண்டும். காணொளி அழைப்பிலேயே கற்றுத்தருவதாகவும் அவர் சொல்கிறார். நேரில் கற்பதற்கு அது ஈடாகுமா?
— வாசகி ஒருவர், சங்கரன்கோவில்

பதில்: முதல் இரண்டு மூன்று முறை மட்டும் சிரமம் பாராமல் பேருந்து ஏறிவிடுங்கள், அதன் பிறகு காணொளி அழைப்பே போதும் என்பது என் கருத்து.

இது வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை ஏற்றும் பயிற்சி அன்று. வயிற்றுச் சுவரின் ஆக உள் அடுக்கில், கச்சை கட்டியதுபோல் இடுப்பைச் சுற்றி ஓடும் குறுக்குத் தசையையும், முதுகெலும்பை ஒட்டியுள்ள மல்டிஃபிடஸ் தசையையும் உரிய நேரத்தில் இறுகப் பழக்குவதே இதன் நோக்கம். நலமாக இருப்பவர் கையைச் சட்டென்று தூக்கினால், கை அசைவதற்கு முன்பே அந்தக் குறுக்குத் தசை இறுகிவிடுகிறது என்றும், முதுகுவலி உள்ளவர்களிடம் அது தாமதமாகிறது என்றும் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பால் ஹாட்ஜஸும் கரோலின் ரிச்சர்ட்சனும் 1996-இல் எழுதினார்கள்.

சிக்கல் என்னவென்றால், இந்தத் தசை கண்ணுக்குத் தெரியாது. இடுப்பெலும்பின் முன்முனையிலிருந்து இரண்டு விரற்கடை உள்ளே தள்ளி மெல்ல அழுத்திப் பார்க்கும் விரலுக்கு, அது இதமாக இறுகுவது தெரியும். வெளித்தசை முந்திக்கொண்டால் விரலை வெளியே தள்ளும். மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிற்றை எக்குபவரும் சரியாகச் செய்பவரும் கைப்பேசித் திரையில் ஏறக்குறைய ஒன்றுபோலவே தோன்றுவார்கள்.

நேரில் போகச் சொல்வதற்கு இதைவிடப் பெரிய காரணமும் உண்டு. கால்களின் வலு, தொடு உணர்ச்சி, முழங்காலிலும் கணுக்காலிலும் சிறு சுத்தியால் தட்டிப் பார்க்கும் அனிச்சைச் செயல் ஆகியவற்றைத் தொட்டுச் சோதித்த பிறகுதான் எந்தப் பயிற்சியைக் கொடுக்கலாம் என்று முடிவு செய்ய முடியும்.

அதைத் தாண்டிவிட்டால் திரையைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. மெல்போர்ன் பல்கலைக்கழகத்தார் 394 முழங்கால் வலிக்காரர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு நேரிலும் மற்றொரு பிரிவுக்குக் காணொளியிலும் இயன்முறை ஆலோசனை தந்து, காணொளி பின்தங்கவில்லை என்று 2024-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். முழங்கால் வேறு, முதுகு வேறுதான். இருந்தாலும் அசைவைக் கண்ணால் பார்த்துத் திருத்தக்கூடிய கட்டத்துக்கு வந்துவிட்ட முதுகுப் பயிற்சிக்கும் இது பொருந்தும் என்றே நினைக்கிறேன்.

உதாரணமாக, கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, வலக்கையையும் இடக்காலையும் நீட்டும் பயிற்சியை எடுத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் இருக்கும் தையல் ஸ்கேலை இடுப்பின் குறுக்கே வைத்துவிட்டு, கைப்பேசியைக் கால்மாட்டில் பாயின் உயரத்திலேயே சாய்த்து வையுங்கள். இடுப்பு ஒரு பக்கம் சரிந்தால் ஸ்கேல் சாய்வதை அவர் திருநெல்வேலியில் இருந்தபடியே பார்த்துவிடுவார். முதுகு குழிகிறதா என்று பார்க்கக் கைப்பேசியைப் பக்கவாட்டுக்கு மாற்றினால் போதும். ஒவ்வொரு முறையும் பத்து விநாடிக்கு மேல் நிற்க வேண்டாம். எண்களை வாய்விட்டுச் சொல்லுங்கள், மூச்சைப் பிடிக்க முடியாது.

இந்தப் பயிற்சி மற்ற உடற்பயிற்சிகளை வென்றுவிட்டதாகவும் எண்ண வேண்டாம். நாட்பட்ட முதுகுவலிக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு பயன் தருவதாகவே மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2016-ஆம் ஆண்டுத் தொகுப்பாய்வு கூறுகிறது. ஆகவே, வாரம் இருமுறை மூன்று மணி நேரம் குலுங்கிவிட்டு மற்ற நாள்களில் அலுத்துப் படுப்பதைவிட, வீட்டிலேயே நாள்தோறும் கால் மணி நேரம் செய்வது மேல்.

ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கால் திடீரென்று வலுவிழந்தாலோ, தொடை இடுக்கும் ஆசனவாய்ப் பகுதியும் மரத்துப்போனாலோ, சிறுநீர் வராமலோ கட்டுப்பாடின்றியோ போனாலோ, அடுத்த காணொளி அழைப்புக்குக் காத்திராமல் அப்போதே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்றுவிடுங்கள்.