கடல் நடுவே ஒரு சாலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

அல்சூரில் வசிக்கிறேன். அக்டோபரில் தசரா விடுமுறைக்கு மனைவி, இரு குழந்தைகளுடன் அமெரிக்கா சென்று, மயாமியில் கேரவன் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஃபுளோரிடா கீஸ் தீவுகள் வழியாகக் கீ வெஸ்ட் வரை போக எண்ணியிருக்கிறோம். ஏறத்தாழ 260 கிலோமீட்டர்தான் என்பதால் முன்பதிவு எதுவும் செய்யவில்லை. பிடித்த கரையில் நிறுத்தி உறங்கிக்கொள்ளலாம் அல்லவா?

சரவணன், பெங்களூரு

அன்புள்ள சரவணன்,

விமானச் சீட்டு இன்னும் எடுக்கவில்லை என்றால், பயணத்தை ஏப்ரலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அங்கே ஜூன் முதல் நவம்பர் வரை புயல் பருவம். தொழிலதிபர் ஹென்றி ஃபிளாக்லர் 1912இல் கீ வெஸ்ட் வரை கொண்டுசேர்த்த ரயில் பாதையை 1935ஆம் ஆண்டுப் புயல் சிதைத்தது. மக்களை மீட்கப் போன ரயிலின் பெட்டிகளே தண்டவாளத்தை விட்டுப் புரண்டன. அந்தத் தடத்தில்தான் 1938இல் சாலை வந்தது. இன்றும் பெரும்பாலான தீவுகளை விட்டு வெளியேற அந்த ஒரே சாலைதான் என்பதால், புயல் எச்சரிக்கை வந்தால் சுற்றுலாப் பயணிகளையும் கேரவன்களையும்தான் முதலில் வெளியேறச் சொல்வார்கள்.

நினைத்த கரையில் நிறுத்தி உறங்க அங்கே இடம் தரமாட்டார்கள். ஆகவே இரவுகளை முதலில் உறுதிசெய்துகொண்டு, அதன் பிறகு பயணத் தேதிகளை முடிவு செய்யுங்கள். கீ லார்கோவில் ஜான் பென்னிகேம்ப், மாரத்தான் அருகே கரி ஹாமக், அதற்கு அப்பால் பாஹியா ஹோண்டா என மூன்று மாநிலப் பூங்காக்களில் கேரவனை நிறுத்தித் தங்கலாம். ஃபுளோரிடாவாசிகளுக்குப் 11 மாதம் முன்பும் நம்மைப் போன்ற வெளியாருக்குப் 10 மாதம் முன்பும் பதிவு திறக்கிறது. அதாவது ஏப்ரல் 12ஆம் தேதி இரவுக்கு, முந்தைய ஜூன் 12 அன்றே முயல வேண்டும்.

கீ வெஸ்டுக்குக் கேரவனைக் கொண்டுபோகாதீர்கள். பழைய நகரின் தெருக்கள் குறுகலானவை, நிறுத்த இடம் தேடியே பொழுது போய்விடும். மாரத்தானிலிருந்து பேருந்து ஓடுகிறது. பயணத்தின் அழகு வழியில்தான் இருக்கிறது. 1982இல் திறந்த ஏழு மைல் பாலத்தில் குறுக்குக் காற்று உயரமான வண்டியைத் தள்ளும், நடுவே நிறுத்தவும் முடியாது, நிதானமாகப் போங்கள். பிக் பைன் தீவில் வெள்ளாட்டு அளவே உள்ள கீ மான்கள் அந்தி வேளையில் சாலையோரம் மேய்வதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இரவில் அங்கே வேக வரம்பு மணிக்கு 35 மைல்.

பாஹியா ஹோண்டாவில் பழைய ரயில் பாலத்தை அவசியம் பாருங்கள். இரும்புச் சட்டங்களுக்கு இடையே கார்கள் எதிரெதிரே போக அகலம் போதாததால், சட்டங்களின் தலைமேலேயே சாலையைப் போட்டுவிட்டார்கள். இரண்டு இரவாவது அங்கே தங்குங்கள். பதிவு செய்யும்போது பட்டன்வுட் பகுதியைத் தேர்ந்தெடுங்கள். பேசைட் பகுதிக்குப் போகும் வழி நெடுஞ்சாலைப் பாலத்தின் அடியில் செல்வது, உயரம் சுமார் 2 மீட்டர்தான் என்பதால் உங்கள் வண்டி நுழையாது.