பாட்டின் மோர்ஸை செயலி ஏன் படிக்கவில்லை

'ஒய் ஒய் இசட்' பாட்டின் தொடக்கத்தை, மோர்ஸ் (புள்ளியும் கோடுமாக எழுத்துகளை அனுப்பும் தந்திக் குறியீடு) படிக்கும் செயலிக்குக் கொடுத்தும் அது படிக்கவில்லையா? செயலியில் கோளாறு இல்லை. கனடா ராக் குழுவான ரஷ்ஷின் 1981 பாட்டான 'ஒய் ஒய் இசட்' தொடக்கத்தில் மோர்ஸ் தாளத்தில் கேட்பது அதே மூன்று எழுத்துகள்தான் (Y, Y, Z), டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு.

அசல் மோர்ஸில் கோடு புள்ளியைவிட மூன்று மடங்கு நீளம், எழுத்துகளுக்கு நடுவே இடைவெளியும் உண்டு. இதிலோ கோடு இரண்டு மடங்குதான், இடைவெளியே கிடையாது, போதாக்குறைக்கு வாசிப்பது தட்டுகிற கருவியில், கோடும் புள்ளியும் ஒரே மாதிரி தட்டாகத்தான் கேட்கும், ஒலியின் நீளத்தை செயலி எப்படி அளக்கும், பாவம்.

மேசையில் தட்டிப் பாருங்கள் (கோடு 2, புள்ளி 1): 2-1-2-2, 2-1-2-2, 2-2-1-1. கூட்டினால் 20, நான்கு நான்காகப் பிரித்தால், வழக்கமான நான்கு அடிக்குப் பதில் ஐந்து அடி. தாளம் விந்தி நடப்பது அதனால்தான்.

ஆனால் ஹாம் வானொலிக்காக (பொழுதுபோக்காக வானொலியில் தொடர்பு கொள்வது) மோர்ஸ் பழகுகிறீர்கள் என்றால் இதை வைத்துப் பழகாதீர்கள், காது தப்பான அளவுக்குப் பழகிவிடும்.