ஓய்வெடுத்தும் குதிகால் நாண் வலி திரும்பி வருகிறதே, குறுவை நடவுக்குள் குணமாகுமா?

மன்னார்குடிப் பக்கம் விவசாயம் செய்கிறீர்கள். ஓய்வெடுத்தால் குதிகாலுக்கு மேல் வலி அடங்குகிறது, வயலில் இறங்கியதும் திரும்பிவிடுகிறது என்கிறீர்கள். திருவையாற்றில் இருக்கும் எனக்கும் இதே வலி இருந்தது, குணமானது. ஓய்வு வலியைத் தணிக்கும், நாணுக்கு வலு சேர்க்காது. கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டும் அந்த அக்கிலிஸ் நாண், சுமை தாங்கித் தாங்கித்தான் தேறும். அந்தச் சுமையை அளவாக ஏற்றுவதே வைத்தியம்.

எங்கே வலிக்கிறது என்று விரலால் அழுத்திப் பாருங்கள். எலும்பிலிருந்து 2 முதல் 6 செ.மீ. மேலே என்றால், வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, சுவரைப் பிடித்துக்கொண்டு, நல்ல காலால் எழும்புங்கள். பிறகு வலிக்கும் காலில் மட்டும் எடையைத் தாங்கி, குதிகாலை மெல்லப் படிக்குக் கீழே இறக்குங்கள். ஸ்வீடன் மருத்துவர் ஆல்ஃபிரட்சன் 1998-இல் வெளியிட்ட முறை இது: முழங்காலை நீட்டி 15 முறை வீதம் 3 சுற்று, மடக்கி 3 சுற்று, தினமும் இருவேளை, 12 வாரம். எளிதாகிவிட்டால் முதுகுப் பையில் எடை சேர்க்க வேண்டும். எடுத்த எடுப்பில் இவ்வளவு எனக்கு முடியவில்லை. பிசியோதெரபிஸ்ட் இரண்டு கால்களாலும் தொடங்கச் சொன்னார். ஆற்றுப் படித்துறையில் மட்டும் செய்யாதீர்கள், பாசி வழுக்கும்.

நாண் எலும்பில் ஒட்டும் இடத்திலேயே வலித்தால் படி வேண்டாம், இதே பயிற்சியைச் சமதரையில் நின்று செய்யுங்கள். குதிகால் கீழே போனால் அந்த இடம் நசுங்கும். சேற்றில் குதிகால் அமிழும்போதும் அப்படித்தான்.

பயிற்சியில் வலி பத்துக்கு ஐந்து வரை இருக்கலாம். மறுநாள் காலை எழுந்து வைக்கும் முதல் அடிகளைக் கவனியுங்கள். வழக்கத்தைவிட விறைப்பு கூடியிருந்தால் அளவைக் குறையுங்கள். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும், அவ்வளவுதான்.

நடவுக்குள் முழுக் குணத்தை எதிர்பார்க்காதீர்கள். இந்தப் பருவம் வரப்பில் நின்று மேற்பார்வை பாருங்கள், சேற்று வேலையை வீட்டில் வேறு யாரிடமாவது விடுங்கள். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் (கிருமிக்கொல்லி) மாத்திரைகள் நாணைப் பலவீனப்படுத்தக்கூடும். எதற்காக மருத்துவரிடம் போனாலும் இந்த வலியைச் சொல்லிவிடுங்கள். பின்னங்காலில் உதை விழுந்ததுபோல் ‘டப்’ என்று கேட்டு, நுனிக்காலில் எழும்ப முடியாமல் போனால் நாண் அறுந்திருக்கலாம். அன்றைக்கே எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.