டி.ஓ. படிக்கும் பிள்ளைகளும் சங்க வேலையும்: கேள்வி பதில்

அமெரிக்காவில் ஆஸ்டியோபதி மருத்துவம் (டி.ஓ.) படிக்கும் நம் பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் அனுப்பிய கேள்விகள் இவை. நான் ஓஹையோவில் குடும்ப மருத்துவர். படிக்கும் காலத்தில் சோமா என்ற மாணவர் சங்கக் கிளையில் செயலாளராக இருந்தேன். இப்போது மாநிலச் சங்கத்தில் மாணவர்களுக்கு வழிகாட்டுகிறேன்.

பேத்தி டி.ஓ. படிக்கிறாள் என்கிறார்கள். கண் டாக்டரா? (மதுரை, தாத்தா)

இல்லைங்க ஐயா. நம்மூர் போர்டில் டி.ஓ. என்றால் கண் மருத்துவ டிப்ளமோ. அமெரிக்காவில் டி.ஓ. என்பது எம்.டி. போலவே முழு மருத்துவப் பட்டம். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம், 50 மாநிலங்களிலும் உரிமம் உண்டு. தசையையும் மூட்டையும் கையால் தொட்டறிந்து சரிசெய்யும் பயிற்சி கூடுதலாக 200 மணி நேரம் போல இருக்கும். பேத்திக்கு என் வாழ்த்துகள்.

பன்னிரண்டு கிளப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். எதை வைத்துக்கொள்வது, அக்கா? (முதலாண்டு, மிச்சிகன்)

ஒன்றை. அதுவும் முதல் பிளாக் (பாடப்பகுதி) தேர்வு முடிந்த பிறகு. அதுவரை கூட்டத்துக்குப் போ, சாப்பிடு, கவனி. பொறுப்பு மட்டும் வாங்காதே.

நாலு பேர் முன்னால் பேசினாலே கை நடுங்குகிறது. சங்கம் எனக்கெல்லாம் ஒத்துவருமா? (இரண்டாமாண்டு மாணவி)

உனக்குத்தான் அம்மா ஒத்துவரும். வாஷிங்டனில் டி.ஓ. தினத்தன்று வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு காங்கிரஸ் எனும் அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்களின் அலுவலகங்களுக்கு மாணவர்கள் போவார்கள். நானும் போனேன். சமுதாய நலக் கிளினிக்குகளில் ரெசிடென்ட்டுகளை, அதாவது பட்டம் முடித்துப் பயிற்சி பெறும் டாக்டர்களை, பயிற்றுவிக்கும் திட்டத்துக்குப் பணம் நிற்கக்கூடாது என்று கேட்க வேண்டும். மனப்பாடம் செய்திருந்தேன். உள்ளே இடமில்லை, தாழ்வாரத்திலேயே நிற்க வைத்துப் பேசினார் ஓர் இளம் உதவியாளர். “எங்கள் தொகுதியில் இதனால் யாருக்கு என்ன?” என்றார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோயிற்று. அதற்கு முந்தின வாரம் கிளினிக்கில் பார்த்த ஒரு பாட்டி ஞாபகத்துக்கு வந்தார். சர்க்கரை நோய்க்காரர், காலில் புண். பக்கத்தில் டாக்டர் இல்லாததால் இரண்டு மணி நேரம் வண்டியில் வந்தவர். காலுறையைக் கழற்றியபோது அது புண்ணோடு ஒட்டியிருந்தது. அதைத்தான் சொன்னேன். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்தவர் பேனாவை எடுத்து எழுத ஆரம்பித்தார். குரல் நடுங்கியது, ஆனால் சொல்லி முடித்தேன். இன்று நோயாளியிடம் கெட்ட செய்தி சொல்லும் துணிவு அந்தத் தாழ்வாரத்தில் வந்ததுதான். நீ முதலில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கேட்டு வாங்கிக்கொள். வாசித்துக் காட்டும்போது வாய் தானாகப் பழகிவிடும்.

டி.ஓ.க்களுக்குத் தனிச் சங்கம் எதற்கு மேடம்? எம்.டி.க்களோடு சேர்ந்துவிட்டால் பிள்ளைகளுக்கு மரியாதை கூடும் அல்லவா? (டல்லாஸ், அப்பா)

சார், ஒருமுறை அப்படிச் சேர்ந்து பார்த்தார்கள். கலிபோர்னியாவில் 1962-இல் இரு சங்கங்களும் இணைந்தன. 65 டாலர் கட்டியவர்களுக்கு எம்.டி. பட்டம் கிடைத்தது. சுமார் 2,000 பேர் வாங்கிக்கொண்டார்கள். அங்கிருந்த டி.ஓ. கல்லூரியும் எம்.டி. கல்லூரி ஆனது. புதிதாக டி.ஓ. எவருக்கும் அங்கே உரிமம் இல்லை என்றாகிவிட்டது. 1974-இல் மாநில உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே கதவு திறந்தது. அந்தப் பன்னிரண்டு ஆண்டுகள் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்காகப் பேச அங்கே ஒரு சங்கம் வேண்டியிருந்தது.

2020-லேயே டி.ஓ., எம்.டி. இரண்டுக்கும் ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிந்தைய பயிற்சி) அங்கீகாரம் ஒன்றாகிவிட்டதே, இன்னும் பழங்கதை எதற்கு? (ரெசிடென்ட், பென்சில்வேனியா)

தம்பி, ஒரே அங்கீகாரம் வந்தது நல்லதுதான். வரவேற்றேன். ஆனால் டி.ஓ.க்களின் உரிமத் தேர்வான காம்லெக்ஸ் எழுதியவனிடம், எம்.டி.க்களின் தேர்வைச் சொல்லி “யு.எஸ்.எம்.எல்.இ. மார்க் எங்கே?” என்று கேட்கும் ரெசிடென்சிகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு தேர்வுக்கும் பணம் கட்டும் மாணவனுக்காக யார் பேசுவது?

அப்படியென்றால் பெரியவர்கள் பேசட்டும். பிள்ளைகள் படிக்கட்டும். (மறுபடியும் டல்லாஸ் அப்பா)

சார், டி.ஓ.க்களின் தேசியச் சங்கமான அமெரிக்க ஆஸ்டியோபதி சங்கத்தைத் தொடங்கியதே பிள்ளைகள்தான். 1897-இல் மிசௌரி மாநிலம் கர்க்ஸ்வில்லில், ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் ஐந்து ஆண்டுகளுக்கு முன் தொடங்கியிருந்த பள்ளியின் மாணவர்கள் கூடி அமைத்தார்கள். 1901-இல் இப்போதுள்ள பெயர் வந்தது. இன்று அதன் நிர்வாகக் குழுவில் மாணவருக்கு ஓர் இடம் உண்டு. உங்கள் மகன் அங்கே உட்காரும் நாள் வந்தால் முதலில் மகிழப்போவது நீங்கள்தான்.

தலைவர் பதவி இருந்தால்தான் மேட்ச் ஆகுமா, அதாவது ரெசிடென்சி இடம் கிடைக்குமா?

இல்லை. விண்ணப்பத்தில் பத்து அனுபவங்களுக்குத்தான் இடம். அதில் மூன்றைத்தான் விரித்து எழுத முடியும். நேர்காணலில் “நீ என்ன செய்தாய்?” என்பார்கள். பதவிப் பெயர் அதற்குப் பதில் ஆகாது.

துணைத் தலைவர் என்றால்?

மேலே உள்ள பதிலேதான்.

காம்லெக்ஸ் லெவல் 1-க்கு இப்போது மார்க்கே இல்லையே. பதவிகளைக் கூட்டிக்கொண்டால் என்ன?

2022 முதல் பாஸ், ஃபெயில் மட்டும்தான். ஃபெயில் ஆனால் அது ஆவணத்தில் நிற்கும். பதவி அதை மறைக்காது. முதலில் தேர்வு, பிறகு சங்கம். மறுபடியும் சொல்கிறேன்.

டி.ஓ. முடித்துவிட்டு இந்தியாவில் பிராக்டிஸ் செய்யலாமா?

அது என் துறை இல்லை. தேசிய மருத்துவ ஆணையத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தெரிந்தவர் சொன்னார் என்று நம்பிப் புறப்படாதீர்கள்.

நான் கிளைப் பொருளாளர். போன வாரம் ஒரு பாடத்தில் ஃபெயில். விலகினால் கோழை என்பார்களா? (பெயர் வேண்டாம்)

கண்ணு, யாரும் சொல்ல மாட்டார்கள். சொன்னாலும் காதில் வாங்காதே. எனக்கும் கார்டியாலஜியில் போனது. அப்போது நான் விலகவில்லை. ரீ-எக்ஸாமிலும் மயிரிழையில்தான் தப்பினேன். இன்று உன்னிடம் விலகு என்று சொல்ல அதுதான் காரணம். இன்று இரவே கிளைத் தலைவருக்கு நாலு வரி எழுது. கணக்கு நோட்டு, வங்கி அட்டை, பாஸ்வேர்டு மூன்றையும் அடுத்தவர் கையில் நேராகக் கொடு. பாக்கி இருக்கும் ரசீதுகளைத் தேதி போட்டு ஒரு கவரில் வை. அப்புறம் உன் பாட ஆசிரியரைப் போய்ப் பார். ரீ-எக்ஸாம் தேதி தெரிந்ததும் எனக்கு எழுது.