உண்மை கண்டறியும் சோதனை: வக்கீல் அண்ணாச்சியிடம் கேட்டவை

அம்பாசமுத்திரத்திலிருந்து ஒரு அக்கா: அண்ணாச்சி, பக்கத்து வீட்டுல நகை களவு போச்சு. என் தம்பிய ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டு, "மிஷின் டெஸ்ட்டுக்குச் சம்மதம்னு எழுதிக் கையெழுத்துப் போடு"ங்காவ. என்ன செய்ய?

பதில்: போட வேண்டாம்னு இப்பவே சொல்லிருங்க, தாயி. செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில் 2010 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தெளிவாகவே சொல்லிவிட்டது: விருப்பமில்லாதவரை இந்தப் பொய் கண்டறியும் மிஷின் (பாலிகிராஃப்) சோதனையில் உட்கார வைப்பது அரசமைப்புச் சட்டத்தின் 20(3) (தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது), 21 (உயிர், தனிமனிதச் சுதந்திரம்) பிரிவுகளுக்கு விரோதம். சம்மதத்தை மாஜிஸ்திரேட் முன்னால்தான் பதிவு செய்யணும். அதற்கு முன் வக்கீலிடம் பேச வாய்ப்புக் கொடுக்கணும். சோதனையால் உடம்புக்கும் மனசுக்கும் வழக்குக்கும் என்ன ஆகும்னு விளக்கணும். ஸ்டேஷன் பெஞ்சில் வாங்குற கையெழுத்து சம்மதமே ஆகாது.

வள்ளியூர்: மாட்டேன்னு சொன்னா, அவன்தான் செஞ்சிருக்கான்னு ஆயிராதா?

பதில்: ஆகாது. மறுப்பது அவர் உரிமை. அதையே குற்றத்துக்குச் சாட்சியாக்க முடியாது.

பாளையங்கோட்டை, சட்டக் கல்லூரி மாணவர்: மிஷின் எதை அளக்குது, அண்ணாச்சி?

பதில்: பொய்யை அளக்கவில்லை, தம்பி. நெஞ்சிலும் வயிற்றிலும் கட்டும் குழாய் மூச்சைப் பார்க்கும். கையில் சுற்றும் பட்டை ரத்த அழுத்தத்தை. விரல் நுனியில் மாட்டுவது வியர்வையை. கேள்விகளை முன்கூட்டியே வாசித்துக் காட்டுவார்கள். பதில் ஆமாம், இல்லை, அவ்வளவுதான். "நகையை எடுத்தியா?"ங்கும்போது கோடு எகிறினால், அது குற்ற உணர்ச்சியா, பயமா? தப்பே செய்யாதவனுக்கும் காக்கிச் சட்டையைப் பார்த்தால் நெஞ்சு படபடக்குமே! அதனால்தான் சம்மதித்து உட்கார்ந்தாலும், முடிவு மட்டும் கோர்ட்டில் சாட்சியாக நிற்காது. ஆனால் சம்மதித்த சோதனையில் கிடைத்த தகவலை வைத்துப் போய், ஆற்றங்கரையில் புதைத்த அரிவாளை எடுத்தால், அந்தக் கண்டெடுப்பைச் சாட்சியாக்கலாம். பழைய சாட்சியச் சட்டத்தின் 27-ஆம் பிரிவு. இப்போது அதற்குப் பதிலாக வந்த 2023 சாட்சியச் சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இருக்கிறது.

களக்காடு: எங்க அக்கா மகன் சாவுல சந்தேகப்பட்ட ஆளு டெஸ்ட்ல பாஸ் ஆயிட்டாம்ங்காவ. அவ்வளவுதானா?

பதில்: உங்க வேதனை புரியுது. அவ்வளவுதான்னு யார் சொன்னாலும் ஒத்துக்காதீங்க. அவரைக் குற்றவாளியாக்காத அதே மிஷின், நிரபராதியாக்கவும் செய்யாது. போன் விவரம், கேமராப் பதிவு, பிரேதப் பரிசோதனை அறிக்கை இதையெல்லாம் பார்த்தாங்களான்னு எழுத்துமூலம் கேளுங்க. பதில் இல்லையென்றால் எஸ்.பி.க்கு மனு, அங்கேயும் நடக்கவில்லையென்றால் மாஜிஸ்திரேட் கோர்ட்.

மேலப்பாளையம்: வக்கீல் வைக்கத் துட்டு இல்லியே?

பதில்: 15100-க்கு போன் போடுங்க. சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் இலவச உதவி. மாவட்டக் கோர்ட் வளாகத்துக்கு நேரில் போயும் கேட்கலாம்.